தலைமுழுக்கு

கானாடுகாத்தானில், ஓட்டலாகிவிட்ட ஒரு வீட்டில்,
கல்யாணப் பந்தி நடந்த கூடத்தில்
இரண்டு நாட்டு அதிகாரிகள்.
மேசை இரவல். ஏ.சி. வாடகை.
மொழிபெயர்க்க நான், நாளுக்கு எட்டாயிரம்.

ஒரு நாடு குண்டு போடுகிறது.
இன்னொரு நாடு போடவில்லை.
எரிபொருள் தந்தது, பயிற்சி தந்தது,
இரவில் வானிலிருந்து பார்த்து
எண்கள் தந்தது. அவ்வளவுதான்.

பேச்சு இரண்டு அந்நிய மொழிகளுக்கு நடுவே.
என் குறிப்பேடு மட்டும் தமிழில் ஓடும்.
அந்த எண்களுக்கு ஆள்கூறு என்று எழுதினேன்.
பள்ளிக்கூடத்துச் சொல்,
வரைபடத் தாளில் புள்ளி வைக்கக் கற்றது.
எழுதிய பிறகு
நடுவில் இடைவெளி விட்டுப் படித்துவிட்டேன்.

மூன்றாம் உறுப்பு
ஒரே சொல்லில் மதியம்வரை சிக்கி நின்றது:
'அறிந்தே'.
அறிந்தே உதவினால் குற்றத்தில் பங்கு.
'அறிந்திருக்க வேண்டியவர்' என்றும் சேர்க்கலாமே,
என்றார் வழக்கறிஞர் அம்மையார்.
கர்னல் சிரித்தார். சிரிப்பை நான் மொழிபெயர்க்கவில்லை.
"சந்தையில் விழுந்தது எங்களுக்குத் தெரியாது.
நாங்கள் கேட்கவும் இல்லை"
எதிரே இருந்தவரைப் பாராமல் சொன்னார்,
கேட்காதது ஒரு தகுதி போல.

மூன்றரைக்குக் காப்பி வரவில்லை.
மேலாளர் சோலையப்பன் எங்கே?
ஈப்போவிலிருந்து கேதம், போனில்.
பின்கட்டுக் கிணற்றடிக்குப் போயிருக்கிறார்.

ஈரத் தலையோடு வந்தார்,
பின்னால் பையன் தட்டோடு.
கர்னலுக்கு ஆர்வம்: இறந்தவர் நெருக்கமா?
பார்த்ததே இல்லை.
பெயரே இன்றைக்குத்தான் தெரியும்.
பிறகு ஏன் இந்தக் குளியல்?

"பங்காளியாச்சே."

பார்ட்னர் என்றேன், வேறென்ன சொல்ல,
காலையிலிருந்து அந்த மேசையில்
நூறு முறை புழங்கிய சொல்.
கர்னல் தலையாட்டினார், புரிந்ததுபோல.
வழக்கறிஞர் மட்டும் பேனாவை மூடிவிட்டு
சோலையப்பன் காதோரம் சொட்டியதையே
பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைமுழுகுவதில் இன்னொரு வகையும் உண்டு எங்களிடம்.
அவனைத் தலைமுழுகியாச்சு என்போம்,
அவன் செய்ததற்கும் நமக்கும் ஒட்டில்லை என்று.
தண்ணீர்கூட வேண்டாம் அதற்கு.
இதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஐந்து மணிக்கு உறுப்பு மூன்று முடிந்தது.
'அறிந்தே' இருந்தது,
இரண்டு பக்கமும் காவலுக்கு
'உறுதியாக', 'நேரடியாக'.

சந்தைக் கணக்கு இரண்டாம் இணைப்பில்.
மொழிபெயர்க்க எடுத்தேன்.
விடுங்கள், வெறும் எண்கள்தானே,
எல்லா மொழியிலும் ஒன்றுதான் என்றார் கர்னல்.