ஏழாம் கலம்

மாவட்ட அலுவலகப் படிவம் வந்திருக்கிறது.
ஏழாம் கலத்தில் கேட்கிறார்கள்:
வாங்கிய கணினிகளின் நம்பகத்தன்மை
நன்று, திருப்திகரம், மோசம்.
ஒன்றைச் சுழிக்கவும்.

பள்ளிப்பட்டுக் கிளை நூலகத்தில் ஐந்து இருக்கின்றன.
குறைந்த விலை கேட்டவர் கொடுத்தது.
உத்தரவாதம் மூன்றாண்டு.
மூன்றாண்டும் பதினோரு நாளும் ஆனபோது
இரண்டாம் எண் கண்ணை மூடியது.

ஒன்றாம் எண்ணில் ‘ழ’ விழாது.
ஏழுமலை தன் பெயரை அடிக்க
நான்காம் எண் காலியாகும்வரை நிற்பார்.
நான்காம் எண்ணில் எல்லாம் ஓடும்,
இணையம் மட்டும் வராது.
ஐந்தாம் எண் இன்னும் அட்டைப்பெட்டியில்;
மேசைக்கான கோப்பு திருவள்ளூரில்.
ஆகவே அதில்
இதுவரை ஒரு பழுதும் இல்லை.

மூன்றாம் எண்
தறி ஓடும்போது ஓடாது.
தெருவே சேர்ந்து மின்சாரத்தை இழுக்க
மிச்சம் மெலிந்து வந்து
திரை ஒருமுறை சிமிட்டி
முதலிலிருந்து தொடங்கும்.
இரண்டு மணிக்குத் தறிகள் சாப்பிடப் போகும்.
அந்த முக்கால் மணி நேரம்
சொன்ன பேச்சு கேட்கும்.

பழுது பார்க்கப் புத்தூரிலிருந்து செங்கல்ராயுடு வந்தான்.
கழற்றினான், ஊதினான், மாட்டினான்.
‘வெள்ளொஸ்தானு மேடம்’ என்று போனான்.
போகிறவர் வருகிறேன் என்று சொல்வது
நகரி மலைக்கு அந்தப் பக்கமும் உண்டு.
சொன்னது ஆடியில்.
இப்போது தை.

தேசம்மாவுக்குத் தறியில் இரண்டு விரல் போனது.
உதவித்தொகை விண்ணப்பம் நான்கு பக்கம்.
அவளுடைய சாப்பாட்டு நேரத்தில்
நாளுக்கொரு பக்கமாக அடித்தேன்.
ஆதார், ரேஷன் அட்டை,
மேசைமேல் விரித்து வைத்த கையின் படம்.
நான்காம் நாள் ‘சமர்ப்பி’யை அழுத்தினேன்.
வட்டம் சுற்றியது.
சுற்றிக்கொண்டே இருந்தது.
தெருவில் முதல் தறி தட்டியது,
பிறகு எல்லாத் தறியும்.
திரை சிமிட்டியது.

‘போச்சா மேடம்?’ என்றாள்.

அந்தச் சொல்லை அன்றுதான் உற்றுப் பார்த்தேன்.
போய்ச் சேர்ந்தாலும் போச்சு.
தொலைந்தாலும் போச்சு.

தெரியவில்லை என்றேன்.
அவள் முந்தானையால் திரையைத் துடைத்தாள்,
தூசிதான் குற்றவாளி என்பதுபோல.

புதிதாகப் போட்டால்
‘ஏற்கெனவே உள்ளது’ என்கிறது.
தேடினால்
‘விவரம் இல்லை’ என்கிறது.
அவள் தினமும் வருகிறாள்,
சோற்றுத் தூக்கைத் திறக்காமலே.

மோசம் என்று சுழித்தால்
இருப்பதையும் எடுத்துப் போவார்கள்.
நன்று என்றால் கோப்பை மூடுவார்கள்.
திருப்திகரம் என்ற சொல்லை
யாரோ என்னை நினைத்துத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

படிவத்தின் அடியில் பொடி எழுத்து:
இணையம் வழியாக மட்டுமே அனுப்பவும்.
கடைசி நாள் இன்று.

மணி ஒன்று ஐம்பத்தெட்டு.
மூன்றாம் எண் முன்னால் உட்கார்ந்து
தறிகள் ஓயக் காது கொடுத்திருக்கிறேன்.
ஒவ்வொன்றாய் நிற்கின்றன.
வாசலில் தேசம்மா செருப்பைக் கழற்றுகிறாள்.

எழுந்து
நாற்காலியை அவள் பக்கம் தள்ளுகிறேன்.