பதினான்கு மாதம், இரண்டு வரி

மஞ்சக்குப்பத்தில், கோர்ட்டுக்கு எதிர் வரிசையில்,
பிரமாணப் பத்திரங்களுக்கும் ரேஷன் கார்டு நகல்களுக்கும் நடுவே
என் முறை வந்தது.
ஃபரிதா பானு கீபோர்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டு
'சொல்லுங்க' என்றாள்.

கோ. சுடர்க்கொடி. பி.எஸ்சி., வேதியியல்.
திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம்,
இரண்டு வருடம்.
அதற்குப் பிறகு
என்று சொல்லி
மின்விசிறியைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு சிப்காட்.
குடிகாட்டில் இறங்கி
மூக்கு பழகும்வரை நடக்க வேண்டிய தூரத்தில்
ஒரு சாய ஆலை. பதினான்கு மாதம்.
இரவு ஷிப்டில் மணிக்கு ஒரு தரம்
கழிவுத் தொட்டியின் பி.எச். பார்த்து
ஏட்டில் எழுத வேண்டும்.
ஐப்பசி. மழை.
தொட்டி இருநூறு அடி தள்ளி.
ஒரு மணிக்கு ஏழு புள்ளி இரண்டு.
இரண்டு மணிக்கும் அதையே எழுதினேன்.
மூன்று மணிக்கும்.
நாலு மணிக்கு மட்டும் ஏழு புள்ளி ஒன்று,
நம்புகிற மாதிரி இருக்கட்டுமே என்று.

விடிந்தபோது பம்பின் உள்தோல் உரிந்து கிடந்தது.
தொட்டியில் மூன்றுகூட இல்லை.

எல்லோரும் செய்வதுதான்.
அருட்ஜோதி மழையில்லாத இரவிலும் செய்வான்.
மாட்டியது என் கையெழுத்து.
தணிகாசலம் சார் சத்தம் போடவில்லை.
ஏட்டை என் பக்கம் திருப்பி
அந்த எண்கள்மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டே
டீயைக் குடித்து முடித்தார்.

'சர்ட்டிபிகேட் தந்தாங்களா?'
இல்லை.
'அப்ப அது எதுக்குக்கா?
லேப்புல ரெண்டு வருசத்தை
மூணு வருசம் ரெண்டு மாசமா இழுத்துடலாம்.
போட்டாலும் போடலேன்னாலும்
பக்கம் இருபது ரூபாதான்.'

மவுஸ் நகர்ந்தது.
ஆகஸ்ட் என்றிருந்த இடத்தில்
அக்டோபர், ஒரு வருடம் தள்ளி.

எத்தனை சுலபம்,
மேல் வரியில் இருப்பதைக்
கீழே இறக்குவது.
என் கைக்கு அது முன்பே தெரியும்.
தகரத்தின் மேல் மழை விழும் சத்தம்கூடக் கேட்டது.
வெளியே கொளுத்துகிற வெயில்.

'இருங்க' என்றேன்.
நேர்மை என்று நினைத்துவிட வேண்டாம்.
பி.எஃப். கணக்கில் அந்த ஆலையின் பெயர்
தேதியோடு உட்கார்ந்திருக்கிறது. அது ஒன்று.
கேஸ் குரோமட்டோகிராஃபை நான் தொட்டது அங்கேதான்;
அதைச் சொல்லாமல் இந்த வேலையைக் கேட்கவே முடியாது.
இன்னொன்றும் இருந்தது.
அதற்கு ஃபரிதாவிடம் எழுத்துரு இல்லை.

அழித்துவிட்டு மறுபடி அடித்தாள்.
பதினான்கு மாதம்
இரண்டு வரியில் அடங்கிவிட்டது,
ஓரத்தில் கொஞ்சம் இடம்கூட மிச்சம்.
விலகிய காரணம் என்று
ரெஸ்யூமில் கட்டம் கிடையாது.
அதை வாயால்தான் கேட்பார்கள்.

பாண்டி பஸ்சில் ஜன்னலோரம்.
பெண்ணையாற்றுப் பாலத்தில்
ஆறு என்று சொல்லத் தண்ணீர் இல்லை.
உதட்டுக்குள் சொல்லிப் பார்க்கிறேன்:
நின்னுட்டேன் சார்.
நிறுத்திட்டாங்க சார்.
தன்வினை, பிறவினை என்று
எட்டாம் வகுப்பில் பத்து மார்க்குக்கு எழுதியது.
இரண்டு வாக்கியமும்
தொட்டிவரைக்கும் நடந்து போகவில்லை.

முள்ளோடை வந்ததும்
பஸ்சில் பாதி ஆண்கள்
பிராந்திக் கடைப் பக்கம் இறங்கிக்கொண்டார்கள்.
பக்கத்தில் மீன் அன்னக்கூடைக்காரி கேட்டாள்:
'யார்கிட்ட பேசற?'
இன்டர்வியூக்குப் போறேன்.
'அதுக்கு முன்னாடியே பேசிட்டா
அங்க போய் என்னத்த பேசுவ?'

கன்னியக்கோயில் தாண்டியாயிற்று.
கிருமாம்பாக்கத்தில் இறங்க வேண்டும்.
மடியில் ஃபைல்,
வெயிலில் அதன் பிளாஸ்டிக் சுடுகிறது.

'அன்னைக்கு நல்ல மழை சார்' என்று
ஆரம்பித்தேன்.

வேண்டாம்.
மழையை அடித்துவிட்டு
முதலிலிருந்து சொல்கிறேன்.