பதினோராம் மாடியில் உளுந்து

அறைக்குக் காசு நான் கொடுக்கவில்லை.
சரக்கு விற்கிறவர் கொடுத்தார்.
விற்கிறவன் வாங்குகிறவனுக்கு மெத்தை போட்டால்
மூட்டையில் கல் இருக்கும் என்பது
விருதுநகரில் தராசு துடைக்கிற பையனுக்கும் தெரியும்.
தெரிந்துதான் வந்தேன்.

விசாவில் யாங்கோன்.
எங்கள் பேரேட்டில் இன்னும் ரங்கூன்.
கிடங்கில் மாதிரி எடுத்துக்கொண்டு வந்து இறங்க
வெள்ளைக் கையுறை போட்ட ஒருவன்
என் மஞ்சள் பையை
பச்சைப்பிள்ளையை வாங்குகிறாற்போல்
இரு கையாலும் வாங்கினான்.

முன்பணம் நூறு டாலர்.
என் நோட்டில் நடுவே ஒரு மடிப்பு.
வரவேற்புப் பெண் விளக்குக்கு நேரே தூக்கி
எலும்பு முறிவு தேடுகிற டாக்டர்போல் பார்த்து
சிரிப்பு மாறாமல் திருப்பித் தந்தாள்.
மடிந்த டாலர் இந்த ஊரில் செல்லாதாம்.
கூட வந்த ஏற்றுமதிக்காரரின் ஆள்
தோல் உறையிலிருந்து மொடமொடப்பாய் ஒன்றை உருவினான்.
அதற்கும் கடன்பட்டேன்.

அறையில் நாலு தலையணை, ஒரு தலை.
கக்கூஸிலும் தொலைபேசி.
சும்மா எடுத்தேன்.
"எஸ் சார்" என்றது. வைத்துவிட்டேன்.
ஒரு ஜன்னலில் பொன்னாய் எரியும் பகோடா,
இன்னொன்றில் துறைமுகம்.
நான் திரை விலக்கியது துறைமுகத்துக்கு.

மேஜை கண்ணாடி. தரை கம்பளம்.
சரக்குப் பார்க்க இடமில்லை.
கடையில் வெள்ளை வேட்டி விரிப்போம்;
கட்டிலில் அதைவிட வெள்ளையாய் ஒன்று விரித்திருந்தது.
கொட்டினேன்.
தகரத்தில் தூறல் விழுந்தால் கேட்குமே,
அதைப் பஞ்சு பொத்திக் கேட்பதுபோல் ஒரு சத்தம்.

மணி அடித்தது.
தட்டில் இரண்டு சாக்லேட்டோடு
படுக்கை சரிசெய்யும் பெண்.
நெஞ்சில் பெயர்ப்பட்டை: மா தீரி.
கட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
கல்லாவில் கை வைத்தவன்போல் நின்றேன்.
தட்டை வைத்துவிட்டு
ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் உருட்டி,
ஒன்றை முன்பல்லில் கடித்தாள்.
"போன வருசத்துச் சரக்கு" என்றாள்,
தமிழில்.
"எண்ணெய் தடவி மினுக்கி இருக்காங்க.
கையை மோந்து பாருங்க அண்ணே."
ஹோட்டல் சோப்பில் மூன்று தரம் கழுவிய என் கை
மல்லிகையாய் மணத்தது, பொய்யாய்.
தன் கையை நீட்டினாள்.
கூச்சத்தோடு குனிந்து மோந்தேன்.
சிக்கெண்ணெய்.

பெகுவில் கிடங்கில் ஆறு வருசம் பொறுக்கினாளாம்.
வீட்டில் அஞ்சுகம்.
"இங்க தமிழ் பேசக்கூடாதுன்னு இல்லை,
பேச ஆள் வர்றதில்லை."

மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் உறுமிப் பிடிக்க மூன்று நொடி.
அந்த மூன்று நொடி
ஹோட்டலின் ஐந்து நட்சத்திரமும் அணைந்துகிடக்க
இருட்டில் நாங்கள் உளுந்து அள்ளிக்கொண்டிருந்தோம்.

விரிப்பை உருவினாள். கறுப்புத் தூசி ஆளுயரத்துக்கு.
புதிது போட்டாள்.
சட்டைப்பையில் இருந்ததை நீட்டினேன்.
மடிப்பைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டாள்.
"இதை நான் எங்க மாத்த?"

அவள் போனபின்
அலமாரியில் இஸ்திரிப்பெட்டி இருந்தது.
துவாலைக்கு அடியில் வைத்து
இளஞ்சூட்டில் தேய்த்தேன், முன்னும் பின்னும்.
மடிப்பு மெலிந்தது.
போகவில்லை.

காலையில் ஏற்றுமதிக்காரரிடம்
"புதுச்சரக்கு காட்டுங்கள், அப்புறம் விலை" என்றேன்.
யார் சொன்னது என்று முகம் சுருங்கினார்.
"கடித்துப் பார்த்தேன்."
முப்பது வருச அனுபவம் அல்லவா என்று
அவர் என் தோளைத் தட்டினார்.
தட்டட்டும் என்று நின்றேனே,
அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கிளம்பும்போது பில்லில் ஒரு வரி கூடியிருந்தது:
கறைபட்ட விரிப்பு ஒன்று.
அறை உங்களுடையது, விரிப்பு என்னுடையது என்று
அந்த நோட்டை எடுத்து வைத்தேன்.
வரவேற்புப் பெண் வாங்கி
விளக்குக்கு நேரே தூக்கினாள்.
சிரிப்பு மாறவில்லை.
வெகுநேரம் பார்க்கிறாள்.