ஒன்பதாவது கூடு

பதவி உயர்வுப் படிவத்தில்
ஒன்பதாவது கூடு மட்டும் வெறுமை.
"ஆய்வின் தாக்கம். நூறு சொல்லுக்கு மேற்படாமல்."
கலாநிதி கேதாரவல்லி அதை நிரப்பாமலே
என் மேசையில் வைத்துவிட்டு விரிவுரைக்குப் போய்விட்டார்.
நான் கோணேசபுரி வளாகத்தில் எழுதுவினைஞன்.
கூடுகளை நிரப்பத்தான் எனக்குச் சம்பளம்.

எண்களை முதலில் எழுதினேன். அவை சுலபம்.
மேற்கோள்கள் அறுநூற்றுப் பதின்மூன்று.
ஈரானில் ஓர் அணைக்கட்டு,
பிரேசிலில் ஆஸ்பத்திரியை எங்கே கட்டுவதென்ற குழப்பம்,
சீனாவில் ஏதோ ரயில்.
எல்லாரும் இவருடைய சமன்பாட்டில்
ஓரிரவு தங்கிப் போயிருக்கிறார்கள்.
ஒருவரும் நிலாவெளி பஸ்ஸில் வந்திறங்கியதில்லை.

மங்கல் தருக்கம் எண்டா என்ன மிஸ், என்று ஒருநாள் கேட்டேன்.
கன்னியாவுக்குப் போயிருக்கிறீங்களா என்றார்.
ஏழு கிணறு.
ஒன்றில் அள்ளி நேரே தலையில் ஊற்றலாம்,
ஒன்றில் முதலில் காலைத்தான் நனைக்கவேணும்.
எந்தக் கிணற்றிலிருந்து 'சூடு' தொடங்குது?
நான் யோசித்தேன்.
இந்த யோசனைக்குத்தான் எனக்குச் சம்பளம் என்றார்.

(இதே ஆள்தான் கன்டீனில்
பிளேன்ரீயா பால்ரீயா என்று முடிவாகாமல்
பின்னால் ஆறு பேரைக் காக்க வைப்பவர்.)

பஸ் நிலையத்தில் பொலித்தீன் தின்னும் புள்ளிமானை
ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பில் சேர்த்திருந்தார்:
காட்டு விலங்கு, பூச்சியம் தசம் மூன்று ஐந்து.
நீக்கச் சொல்லிக் கடிதம் வந்தது.
மானை விட்டுவிட்டு
சமன்பாடு ஒன்றை நீக்கி அனுப்பினார்.

சல்லியில் மீனவர் சங்கக் கதவில்
லாமினேட் பண்ணிய அட்டை ஒன்று தொங்குகிறது.
காற்று, அலை, முகில், எஞ்சினின் வயது
எல்லாம் பிசைந்து கடைசியில் ஓர் எண்.
எண்ணை யாரும் பார்ப்பதில்லை.
பக்கத்துச் சொல்லைத்தான் பார்ப்பார்கள்:
மேலே 'போகலாம்', கீழே 'வேண்டாம்',
நடுவில் மஞ்சளில், அகலமாய்,
'போகலாம், ஆனா.'
அவற்றின் பின்னால் இருப்பவை எட்டு மாதம்
கரையில் நின்று அவர் பொறுக்கிய சொற்கள்.
காத்து முகம் பாக்குது. கடல் முறுகுது.
ஓடலாம், வலை போடேலாது.
ஒவ்வொன்றுக்கும் ஒரு சரிவு வரைந்து
எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று
அவர்களிடமே காட்டி, அழித்து, திரும்ப வரைந்தார்.

ஊரில் அதற்கு 'ஆனா அட்டை' என்று பெயர்.
அரிச்சுவடியிலும் முதல்ல ஆனாதானே என்பார்
சங்கச் செயலாளர் மதியாபரணம்.

ஒரு வைகாசியில் அட்டை 'வேண்டாம்' என்றது.
அன்று கடல், தட்டில் ஊற்றிய எண்ணெய்.
இறக்கக்கண்டியார் போய்ச் சூரை அள்ளி வந்தார்கள்.
சல்லி முழுக்க மிஸ்ஸைத் திட்டியது.
அந்தத் திட்டை அடுத்த கட்டுரையில்
'மட்டுப்பாடுகள்' என்ற தலைப்பின் கீழ் எழுதினார்.
திட்டியவர்களின் பெயர்கள் நன்றியுரையில் இருந்தன,
அதிகம் திட்டியவர் முதலில்.

மார்கழி பதினொன்றிலும் 'வேண்டாம்' என்றது.
பத்து மணிக்கு வாடை முறித்துக்கொண்டு வந்தது.
கடலில் படகு எதுவும் கவிழவில்லை.
கவிழக் கடலில் படகு இல்லை.
எண்பது பேர் வீட்டிலிருந்து
சோறு தின்று, கடதாசி விளையாடி,
மனைவியிடம் ஏச்சு வாங்கினார்கள்.
நடக்காத ஒன்றை
எந்தச் சஞ்சிகை மேற்கோள் காட்டும்?

பீடாதிபதி இரண்டு தடவை கோல் எடுத்துவிட்டார்.
கடைசியில் ஆறு சொல் எழுதினேன்.
"மார்கழி பதினொன்று. சல்லி. முப்பத்தொரு படகு. கரையில்."
ஒப்பத்துக்கு அனுப்பினேன்.

பின்னேரம் திரும்பி வந்தது.
ஓரத்தில் பென்சிலால், சிறிய எழுத்தில்:
"அன்று விடிய மதியாபரணத்துக்கு முழங்கால் வலி.
அவர் இறங்காவிட்டால் பாதிப்பேர் இறங்கமாட்டார்கள்.
அதையும் சேர்க்கவும்."

சேர்த்தேன்.
கூட்டில் இன்னும் இடம் கிடக்கிறது.