தேதி தின்னும் ஆடு

படத்தில் ஒரு ஆடு.
கறுப்பு. ஒரு காது மட்டும் வெள்ளை.
ஜெராக்ஸ் கடைக்காரன் ஒருவன்
கிழித்த காலண்டர் தாள்களைக்
கம்பியில் குத்தி வைத்திருக்கிறான்.
அதிலொன்றை ஆடு தின்றால்
அந்த நாள் நடக்கவே இல்லை.

அவ்வளவுதான் கதை.
கிருஷ்ணகிரியில், பெங்களூர் ரோட்டுத் தியேட்டரில்,
ஞாயிறு மாலைக் காட்சிக்கு
எண்பது பேர் இருந்திருப்போம்.

மாமனாரை 'யோவ்' என்ற நாளைப் போட்டான்.
மென்றது.
மாமனார் வந்து தோளில் கை போட்டார்.
சீட்டுக் கம்பெனியில் பணம் கட்டிய நாளைப் போட்டான்.
வீட்டுக்கு மாடி முளைத்தது.
என் பக்கத்தில் திம்மராயன்
சிரித்துச் சிரித்துப் பாப்கார்னைச்
சட்டைக்குள் கொட்டிக்கொண்டார்.

இடைவேளைக்குப் பிறகுதான் வினை.
ஆடு ருசி கண்டுவிட்டது.
மகனை அறைந்த நாளைத் தின்றது.
அதே நாள் ராத்திரிதான்
அவன் மனைவி மூன்று வருஷக் கோபத்தை விட்டு
அவன் தட்டில் ஒரு முட்டை வைத்திருந்தாள்.
முட்டை போயிற்று.
கோபம் திரும்பி வந்து அடுப்பங்கரையில் நின்றது.
தியேட்டர் அப்போதும் சிரித்தது.
ஆடு ஏப்பம் விட்டதே, அதற்கு.

எனக்கும் ஒரு தாள் இருக்கிறது.
ஜூன் பத்தொன்பது. ஆனி ஐந்து.
என் ராசிக்கு 'லாபம்' என்று போட்டிருந்தது.
காவேரிப்பட்டணம் தாண்டி, மாம்பழக்கூழ் ஃபாக்டரி,
எடைமேடை என் பொறுப்பு.
சந்தூரிலிருந்து மாதையன் என்பவர்
டெம்போ நிறையப் பெங்களூரா கொண்டுவந்தார்.
மெஷின் சொன்னது ஆயிரத்து அறுநூற்று எண்பது.
மேனேஜர் கண்ணால் சொன்னது வேறு.
நான் அடித்தது ஆயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றாறு.

அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.
ரசீதைப் பார்த்தார். டெம்போவைப் பார்த்தார்.
தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார்.
'வழியில எங்கியோ கொட்டிருச்சு போலப்பா'
என்று டிரைவரிடம் சொன்னார்,
டிரைவருக்காக வருத்தப்படுகிற மாதிரி.

அன்று சாயங்காலம் மழை.
பஸ் ஸ்டாப்பில் லோடுமேன் திம்மராயன்
ஒரு கம்பி ஒடிந்த குடையை நீட்டினார்.
அதே தாள்தான்.
ஆட்டுக்குப் போட்டால்
இந்தப் பாப்கார்ன் சட்டைக்குள் இருப்பவர்
எந்த வரிசையில், யார் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்?

படம் எப்படி முடிந்தது என்று கேட்காதீர்கள்.
நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.
எண்பத்து நாலு கிலோ. அன்றைய ரேட் பதினெட்டு.

திங்கட்கிழமை லீவு சொன்னேன்.
அன்றைய தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினேன்:
பெயர், எடை, குறைத்த எடை, தொகை.
கீழே 'மன்னிக்கவும்' என்று எழுதி அடித்தேன்.
மறுபடி எழுதினேன்.
மூன்று ஐந்நூறு, ஒரு பத்து, ஒரு ரெண்டு ரூபாய்.
தாளைக் கொடுத்துவிட்டு
அதே பஸ் திரும்பும்போது ஏறிவிட வேண்டும்,
வாயே திறக்க வேண்டாம் என்பது திட்டம்.

சந்தூரில் மாதையன்
மருந்தடிக்கும் மெஷினைக் கழுவிக்கொண்டிருந்தார்.
'யாரும்மா?'
நீட்டினேன்.
பின்னாலிருந்து வந்து பிடுங்கியது ஒரு ஆடு.
செம்மறி. இரண்டு காதும் ஒரே நிறம்.
சினிமாவில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

மென்றது.
நான் காத்திருந்தேன், வெட்கமில்லாமல்.
குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.
தூரத்தில் என் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது.
ரூபாய் உள்ளங்கையில் நனைந்தது.

ஆட்டைக் காலால் தள்ளிவிட்டு
'என்ன தாளும்மா அது, கரண்டு பில்லா?' என்றார்.

'இல்லீங்க' என்றேன்.
'அன்னிக்கி வண்டியிலிருந்து
எதுவும் கொட்டலீங்க.'