ஒரு சாண்

அடைமழை விட்ட மூன்றாம் நாள்
மச்சானின் நிக்காஹ் ஷெர்வானியைத் தேடி
பீரோவைத் திறந்தேன்.
ஊறப்போட்டு மறந்த உளுந்தின் வாடை.
காலரில் சாம்பல் மயிர்,
தோல்செருப்பில் பச்சை.
மூத்தவளின் பாஸ்போர்ட்
அப்பளமாய் வளைந்து கிடந்தது.

பின்பக்கம் பார்க்காமல் முடியாது.
நானும் நாத்தனார் சீனி ஹதீஜாவும்
கால்களுக்கு அடியில் சாக்கைச் செருகி
யா அல்லாஹ் என்று இழுத்ததில்
தேக்கு அசைந்து பாதி அறைக்கு வந்தது.
சுவரில்
அதே உயரம் அதே அகலத்தில்
இன்னொரு பீரோ,
கறுப்பில்.

கீழக்கரையில் எங்கள் வீடு
முருகைக்கல்லும் சுண்ணாம்பும்.
போன நோன்புக்கு முன்
தம்மாமிலிருந்து வந்த பணத்தில்
பளபளவென்று பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தோம்.
இருபது வருஷம் தொட வேண்டாம் என்றார் கடைக்காரர்.
இப்போது தொட்டால்
கொப்புளம் உடைந்து பொடி கொட்டுகிறது.
நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
தெருமுனையில் கிடக்கும் அதே கடல்.

"பழைய வீடுன்னா ஓதம் ஏறத்தான் செய்யும்.
சிமெண்டு பூசிரு, ஸ்டீல் பீரோ வாங்கிக்க"
என்றார் மச்சான் வீடியோவில்.
போனைச் சுவருக்குத் திருப்பினேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு,
"இது எந்த நாட்டு மேப்பு?"

யாருடைய தண்ணீர் இது?
அரிசிப் பையின் கண்ணாடித்தாளை
உள்ளங்கை அகலம் வெட்டி
நாலு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டினேன்.
உள்பக்கம் நனைந்தால் தரை ஏறி வருகிறது.
வெளிப்பக்கம் நனைந்தால்
அறையில் இருக்கிறவர்கள்.
குற்றம் வீட்டுடையதுதான் என்று
கொத்தனார் வில்லாயுதத்திடம்
டீக்குப் பந்தயம் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை
இரண்டு பக்கமும் முத்து முத்தாய்.

உள்பக்கம் சரி,
இந்த ஊர்க் கிணறே உவர்.
வெளிப்பக்கம்?
வாடைக்குப் பயந்து ஜன்னலை அடைத்துவிட்டு
கட்டிலுக்கு மேல் கயிறு கட்டி
யூனிபாரம் காயப்போட்டது நான்.
மூன்று பிள்ளைகளின் தூக்கம் அதில் இருக்கிறது.
பதினொரு மணிக்குப் போனை வைத்துவிட்டுச்
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவளின் மூச்சும்
இருக்கும்.

வில்லாயுதம் டீயைக் குடித்துவிட்டுப்
பெயிண்டை உரித்தான், தோல் தோலாய்.
"ரெயின்கோட்டு மாட்டிவிட்டு
வேர்க்காதேன்னா எப்படிக்கா?"
சிமெண்டு கூடாது, வெறும் சுண்ணாம்பு,
அதுவும் இப்ப இல்ல,
மாசி வெயிலை இந்தச் சுவர் குடிக்கணும் முதல்ல.

மாசி வரைக்கும்
ஈரத்துணி மாடிப்படிக்குப் போய்விட்டது.
மழை ஓய்ந்த உச்சிப்பொழுதில்
எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுகிறேன்,
அந்த ஒரு மணி நேரம்
காலண்டர் தாள்கள் பேயாட்டம் ஆடும்.
காடி நனைத்த துணியால் பீரோவின் முதுகைத் துடைத்து,
துணியை எரித்து,
உள்சுவர்ப் பக்கமாய்க் கொண்டுபோய்
செங்கல்மேல் நிறுத்தினோம்.
ஒட்டாமல்.
இடைவெளியில் சின்னவன் அஸ்பர்
பக்கவாட்டில் நுழைந்து ஒளிகிறான்,
ஒரு பல்லியும் குடி வந்திருக்கிறது.
விடிந்ததும் கையை விட்டுப் பார்ப்பேன்,
காற்று ஓடுகிறதா என்று.

"எவ்வளவு எடம் விட்டே?"
"ஒரு சாண்."
"யார் சாண்?"
கையை விரித்துக் கேமராவில் காட்டினேன்.
திரைக்கு அந்தப் பக்கம்
சிமெண்டுக் காய்ப்புகளோடு
அவர் கையும் விரிந்து வந்தது.
என்னுடையதைவிட
இரண்டு விரற்கடை கூடுதல்.

காலையில் ஹதீஜாவைக் கூப்பிட்டேன்.
இன்னும் கொஞ்சம் நகர்த்த வேண்டும்.