தட்டிப் பார்த்தல்

லியெபாயாவில் பிப்ரவரி.
கம்பளிக் கையுறையைக் கழற்றுகிறாள் ஸ்கைட்ரீதே.
குளிர் கடித்தால் கடிக்கட்டும்;
சுழலும் முனை நூலைப் பிடித்தால்
விரலையும் சேர்த்துக் கேட்கும்.

கூந்தலை முடிந்தாயிற்று. கண்ணாடி மாட்டியாயிற்று.
முனை மாற்றுமுன்
டிரில்லின் பேட்டரியை உருவி
சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறாள்.
போன மாதம் உருவவில்லை,
கட்டைவிரலில் இன்னும் அந்தப் பிறை.

இனி சுவர்.
சோவியத் காலத்துக் கட்டடம்,
மின்கம்பி எங்கே ஓடுகிறதென்று
கட்டியவனுக்கே வெளிச்சம்.
சுவிட்சுக்கு நேர்மேலே வேண்டாம்.
நான்கு விரல் தள்ளி
மடக்கிய விரலால் தட்டினாள்.
டொக். டொக்.

டொக். டொக்.
இது அவள் தட்டியதல்ல.

ஒன்பது வருஷமாய்
அந்தப் பக்கம் ஆளில்லை
என்றுதான் இருந்தாள்.

அலமாரி தரையில். டிரில் அதன்மேல்.
பேட்டரி இன்னும் பையில்தான்.
சுவரில் காதை வைக்கிறாள்,
கண்ணாடியைக் கழற்றாமலே.